ஏழாம் பாகத்தோடு நின்ற கதை

என் மனைவி ஏழாம் பாகத்தைப் படித்து முடித்த மறுநாள் காலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் கட்டி. தண்டலம் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார வைத்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"லைப்ரரி புக்க குடுத்துட்டீங்களா? நாளையோட தேதி முடியுது."

"உனக்கு இப்ப அதான் கவலையா?"

"அடுத்த ஆளு காத்துகினு இருப்பாங்க இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்த பிறகுதான் அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாள் ஆகும். நான் சாப்பாடு இறங்காமல் வாய்க்குள் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டே திரிகிறேன். இவள் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறாள். அந்தக் கோபத்தை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அது ஒரு சரித்திரக் காதல் கதை. பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்த கதை. அதன் பெயர் இங்கே வேண்டாம். எழுதியவர் பெயரும் வேண்டாம். அவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சோழர் காலத்துக் கதை. ஏரி காக்கிறவரின் மகள் ஒருத்தி, குதிரைப் படையில் இருக்கிற ஒருவன். முதல் இரண்டு பாகத்திலும் சேர்த்து அவர்கள் ஐந்து தடவைதான் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாம் பாகத்தில்தான் அவன் அவள் கையைத் தொடுகிறான். அதை என் மனைவி படித்த அன்று எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. இப்படியே போய் ஏழாம் பாகம் முடிகிற இடத்தில், எதிரிப் படை ஏரிக்குக் கீழே காய்ந்து கிடக்கிற வயலில் கூடாரம் போட்டிருக்கிறது. அந்தக் கூடாரத்தில் ஒன்றில் அவன் கைதியாகக் கட்டிப் போடப்பட்டிருக்கிறான். விடியப் போகிறது. அவள் மதகின் மேல் நிற்கிறாள். பலகையைத் தூக்கினால் ஏரி முழுக்க வயலில் பாயும், ஊர் பிழைக்கும், அவன் போவான். அவள் கையைப் பலகைக் கயிற்றில் வைக்கிறாள். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. சேர்த்த அன்று ஸ்கேனுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவளாகச் சொன்னாள். "தூக்குவாளா மாட்டாளா, உங்களுக்கு இன்னா தோணுது?" என்று கேட்டாள். "டோக்கன் நம்பர் கூப்பிடுறாங்களான்னு பாரு" என்றேன் நான்.

நான் பத்தாவது வரை படித்து, ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடத்தில் வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் வீடு. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். எந்த ஷிஃப்ட் ஆனாலும் குளித்து, நெற்றிக்கு இட்டு, துளசித் தீர்த்தம் வாயில் போட்டுக்கொள்ளாமல் வாசல்படி தாண்டியது இல்லை. பக்தி விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவியின் படிப்பு எனக்குப் பிடிக்காது. அவளும் பத்தாவதுதான், ஆனால் அவள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடுவாள். ஷிஃப்ட் முடிந்து, காதில் இன்னும் மிஷின் சத்தம் அடித்துக்கொண்டிருக்க, நான் வந்து நிற்பேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாள்.

"ஒரே ஒரு பக்கங்க."

அந்த ஒரு பக்கத்துக்காக நின்றிருக்கிறேன், டிஃபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தக் குதிரைக்காரன் மேல் எனக்குப் பொறாமை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாளில் ஒரு சனிக்கிழமை, மகளை அவளுக்குத் துணையாக வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஒரகடம், படப்பை வழியாக மணிமங்கலம் பெருமாள் கோயிலுக்குப் போனேன். எங்கள் வீட்டில் எது என்றாலும் அங்கேதான். மகள் பிறக்கிறதற்கு முன்னால் அங்கே வேண்டிக்கொண்டுதான் காபியை விட்டேன். அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், பெருமாளிடம் ஒன்று கேட்டால் ஒன்றை விட வேண்டும். சின்னதாக விட்டால் சின்ன வரம் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது.

சன்னிதியில் நின்று யோசித்தேன். இந்த முறை பெரிதாக விட வேண்டும். முடி கொடுக்கலாம் என்றால் எனக்கு மண்டையில் கொடுக்க ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலேயே ரொம்பப் பிரியமான பொருள் எது, எதை விட்டால் பெருமாளுக்கே மனசு இளகும் என்று பார்த்தேன். சட்டென்று வந்தது.

"பெருமாளே, கெட்ட கட்டின்னு ரிப்போர்ட் வரக்கூடாது. வரலேன்னா, அவ இனிமே கதைப் புக்கத் தொடமாட்டா."

வாய் விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மனசு லேசானது. எவ்வளவு பெரிய விஷயத்தைக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு நிறைவு கூட வந்தது.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது.

வீட்டுக்கு வந்து, சாமி அலமாரி முன்னால் அவளை உட்கார வைத்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவக் கேட்டீங்களாப்பா?"

"அம்மா மயக்கத்துல கெடந்துச்சு, எங்க கேக்கிறது?"

"சனிக்கெழம அம்மா இட்லி சாப்டுகினு இருந்தாங்கப்பா."

"நீ சும்மா இரு. சாமி விஷயத்துல வாய வைக்காத."

என் மனைவி கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "கதைப் புக்கு மட்டுமா, எல்லா புக்குமா?"

"கதைப் புக்கு."

"அப்ப பஞ்சாங்கம் படிக்கலாம்," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள எனக்கு அன்று தெரியவில்லை. அவளும் பெருமாளுக்குப் பயப்படுகிறவள். சொன்ன சொல் சன்னிதியில் சொன்னது. அதை மீறினால் கட்டி திரும்பி வந்துவிடும் என்று அவள் பயந்தாளோ, நான் பயப்படுவேன் என்று பயந்தாளோ. எதுவோ, அன்றிலிருந்து அவள் ஒரு கதைப் புத்தகத்தையும் தொடவில்லை.

ஆறு வருஷம்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து வருவாள். ரசத்தில் உப்பு ஒரு தடவைதான் விழுந்தது. கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தேன். அடுப்பங்கரையில் நிற்கும்போதும், துணி மடிக்கும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இருக்காது. கண் எங்கேயோ இருக்கும். ஒரு தடவை பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் நின்றிருந்தாள். நாம ஜபத்தில் இறங்கிவிட்டாள் என்று எனக்கு மெய் சிலிர்த்தது. பெருமாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைவிடப் பெரியதைக் கொடுத்துவிட்டார் என்று, கோயிலில் பட்டரிடம் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொன்னேன்.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எங்கள் கம்பெனியிலேயே குவாலிட்டி பிரிவில் வேலை. அவர் மனைவியும் அதே கதையைப் படிக்கிறவர் என்பது எனக்கு ஒரு நாள் தெரிந்தது.

"அண்ணாச்சி, எட்டாம் பாகம் வந்துட்டாம். எங்க வீட்டுக்காரி ரெண்டு நாளா சோறு பொங்கல. ஓட்டல் பொட்டலந்தான். உங்க வீட்ல எப்படி?"

"எங்க வூட்ல அதெல்லாம் வுட்டாச்சு. அவ ஜபத்துல கீறா."

"குடுத்து வச்ச ஆளு ஓய் நீரு. சரி, அந்தப் பிள்ள மதகத் திறந்தாளா இல்லையான்னு சொல்லட்டா?"

"வேணாம் வேணாம்," என்றேன் அவசரமாக. எனக்கு என்ன வந்தது, நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியக் கூடாது என்று தோன்றியது. அதுதான் முதல் உறுத்தல் என்று நினைக்கிறேன். உடனே ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

பிறகு ஒன்பது வந்தது. பத்து வந்தது. பஸ்ஸில்தான் தெரியும். ஒவ்வொன்று வரும்போதும் அவர் சொல்வார், நான் கையைக் காட்டி நிறுத்துவேன். வீட்டில் போய் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் பதினொன்றாம் பாகம் வந்த சமயம், ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்து, "நீங்க அந்த அக்கா வூட்டுக்காரர்தானே?" என்றார். கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்.

"அக்காவுக்கு கண்ணுல எதுனா பிரச்சினையா சார்?"

"இல்லியே. ஏன்?"

"இல்ல, ஒவ்வொரு பாகமும் வந்ததும் முதல்ல அவங்களுக்குன்னு எடுத்து வைப்பேன். அவங்களும் கரெக்டா வருவாங்க. எப்படித்தான் தெரியுமோ. வந்து, ரெண்டு கையையும் பின்னால கட்டிகினு நிப்பாங்க. 'அட்டைய காட்டும்மா'ன்னுவாங்க. நான் தூக்கிக் காட்டுவேன். கிட்ட வந்து பாப்பாங்க, தொட மாட்டாங்க. 'பின்னட்டைய காட்டட்டுமா'ன்னா, 'ஐயோ வேணாம், அதுல கத எழுதியிருக்கும்'னுவாங்க. அப்பால போயிடுவாங்க. இன்னா சார் அது, புதுசா இருக்கு?"

என் முறை வந்தது. பையை நீட்டினேன். அரிசி எவ்வளவு விழுந்தது, வேறு என்ன வாங்கினேன், ஒன்றும் நினைவில் இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. கோயிலில் பிரசாதம் வாங்குகிறபோது கூட அவ்வளவு பத்திரமாக நிற்கிற ஆளை நான் பார்த்ததில்லை. நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் தன் கைகளையே நம்பாமல் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நான்கு தடவை.

அந்தச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மணிமங்கலம் போனேன். அங்கே பட்டர் சின்ன வயது. பி.காம். படித்துவிட்டு அப்பாவுக்குப் பிறகு கைங்கர்யத்துக்கு வந்தவர். கூட்டம் போன பிறகு அவரிடம் கேட்டேன், ஒரு வேண்டுதலைத் திருப்பிக்கொள்ள வழி உண்டா, அதற்குப் பதில் வேறு எதாவது செய்யலாமா என்று. என்ன வேண்டுதல் என்றார். சொன்னேன். தீர்த்தப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அவாளக் கேட்டேளா?"

"இல்ல சாமி."

"உங்களோடத நீங்க விடலாம். இன்னொருத்தரோடத நீங்க எப்படி விட முடியும்? பக்கத்தாத்துக்காரர் தலைய மொட்ட அடிக்கிறேன்னு வேண்டிப்பேளா?"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"பெருமாள் அத வாங்கிண்டிருக்கவே மாட்டார். உங்காத்துல நல்லபடியா ஆனது அவரோட கிருபை. நீங்க குடுத்ததுக்கு இல்ல."

"அப்ப இந்த ஆறு வருஷம் சாமி?"

"அத ஏன் எங்கிட்ட கேக்கறேள்? ஆத்துல கேளுங்கோ."

வெளியே வந்து கொடிமரத்துப் பக்கம் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது. வெற்றிலைப் பை. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அன்றைக்கும் இது என் இடுப்பில் இருந்தது. எனக்குப் பிரியமானது எது என்று கேட்டால் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய், ஷிஃப்ட் முடிந்ததும் முதல் காரியமாக அதைத்தான் வாங்குவேன். சன்னிதியில் நின்று எதை விடலாம் என்று அத்தனை யோசித்தவனுக்கு இது ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. அவளுடையது உடனே தோன்றியது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் நான் கொடுத்திருக்கிறேன். வீட்டில் எது போனால் எனக்கு நல்லதோ அதைப் பெருமாள் தலையில் கட்டிவிட்டு, பெரிய தியாகம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வருகிற வழியில் நூலகத்தில் என் பெயரில் கார்டு போட்டேன். எட்டிலிருந்து பதினொன்று வரை நான்கு பாகத்தையும் வாங்கினேன். வீட்டில் சாமி அலமாரி முன்னால் அடுக்கி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பட்டர் சொன்னதைச் சொன்னேன். என் மேல்தான் தப்பு, நான் என்னுடையதைக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவள் புத்தகங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வெளக்கு முன்னால உக்கார வச்சப்ப உங்க வாயி செவப்பா இருந்துச்சு," என்றாள்.

"ம்."

"நீங்க சொன்னப்ப நான் அதத்தான் பாத்துகினு இருந்தேன்."

அவள் விளக்கைப் பார்த்தாள் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் பாகத்தைப் படிக்க அவளுக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் சோறு நான் வடித்தேன். அவள் பக்கத்தில் டம்ளர் வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தேன். "ஒரு பக்கங்க" என்று அந்த விரலைத் தூக்குவாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கவில்லை. நான் வந்தால் புத்தகத்தை மடியில் கவிழ்த்து, "இன்னா வேணும்?" என்று கேட்டாள். நான்காம் நாள் சாயங்காலம் மூடி வைத்தாள்.

"பலகையத் தூக்கினாளா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"இல்ல. அது கனவாம்."

"இன்னாது?"

"மதகு, கயிறு, அவன் கட்டிக் கெடந்தது, எல்லாம் அவ கனவு கண்டாளாம். முழிச்சிகினா அவங்கப்பா பக்கத்துல உக்காந்து கீறாரு." புத்தகத்தை ஒரு தட்டு தட்டினாள். "அவ அப்பிடிக் கனவு காணுற பொண்ணு இல்லீங்க."

"ஒம்பதாம் பாகத்துல சரியா பூடும். பஸ்ல ஒருத்தர் சொன்னாரு, அதுல சண்டையெல்லாம்…"

"வேணாம். லைப்ரரில குடுத்துடுங்க. படிக்கிறவங்க படிக்கட்டும்."

"ஆறு வருஷம் காத்துகினு இருந்தியே."

"காத்துகினு இல்லியே," என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு வேற நடந்துகினு இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள், ஏதோ களவு செய்ததை ஒத்துக்கொள்கிற மாதிரி. முதல் மாதம் முழுக்க மதகின் மேல் அவள் நிற்கிறதே கண்ணில் நின்றதாம். அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. சரி, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று அடுப்பு முன்னால் நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாளாம். ஒரு நாள் சொன்னது மறுநாள் விட்ட இடத்திலிருந்து வந்ததாம். பிறகு அது நிற்கவே இல்லையாம்.

"அப்ப வாயசைச்சிகினு இருந்தியே, அது ஜபம் இல்லியா?"

"ஜபமா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதானா! போன புரட்டாசியில பட்டரு என்னப் பாத்து 'நீங்க பாக்கியசாலி'ன்னாரு. நான் எதுக்குன்னு முழிச்சிகினு நின்னேன்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கேட்டேன்.

"சரி, உன் கதையில அவ தூக்கினாளா?"

சிரிப்பு நின்றது. என்னிடம் இதைச் சொல்லலாமா என்று அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷத்துக்குப் பக்கமாகக் கூட வாழ்கிறவளின் முகத்தில் அந்த யோசனையைப் பார்க்கிறது கஷ்டம்.

"கயித்துல கை வைக்கிறா. கயிறு கையோட வந்துடுது. யாரோ அவுத்து வச்சிட்டாங்க."

"யாரு?"

"மதகுக்குக் காவல் இருக்கிற ஆளு ஒருத்தன். அவளுக்குத் தெரிஞ்ச ஆளுதான்."

"எதிரிக்கு வேண்டியவனா? கெட்டவனா?"

"சேச்சே, கெட்டவன்லாம் இல்ல. நல்லா சாமி கும்பிடறவன்."

எனக்கு மேலே கேட்க ஆசையாக இருந்தது. அந்த ஆள் பிறகு என்ன ஆனான், கயிற்றைத் திருப்பிக் கொடுத்தானா, குதிரைக்காரன் பிழைத்தானா, எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. வெட்கத்தை விட்டு, "மீதியச் சொல்லேன்" என்றேன்.

"வேணாங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "வெளிய சொன்னா நின்னுடும்னு பயமா கீது."

எட்டாம் பாகத்தை அடுத்த ஆளுக்குத் திருப்பிக் கொடுத்தோம். மற்ற மூன்றையும் நான் படித்தேன். பஸ்ஸில், போகும்போது இருபது பக்கம், வரும்போது பாதித் தூக்கத்தில் பத்துப் பக்கம். யாராவது ஒருவராவது எங்கள் வீட்டிலிருந்து அதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. திருநெல்வேலிக்காரர் விடவில்லை.

"ஜபம் இப்ப இந்தப் பக்கம் வந்துட்டு போல! அண்ணாச்சி, கண்ணாடியத் தொடையும், அவ குளிக்க வாற இடம் வந்துரும்."

"சும்மா கெட ஓய்," என்றேன் அவர் பாஷையிலேயே.

எழுதியவர் மேல் கொஞ்சம் குறை என்றேனே, அது இதுதான். ஒன்பதாம் பாகத்தில் குதிரைக்காரனுக்கு ஒரு இரட்டைப் பிறவி வருகிறான். எட்டுப் பாகமாக அப்படி ஒருவன் இருப்பது அவன் அம்மாவுக்கே தெரியாது. பத்தாம் பாகத்தில் ஏரிக்காரர் மகள் ராணியாகி மஞ்சத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கிறாள். பதினொன்றில் கதை அவள் மகனுக்குப் போய்விட்டது. ஏரியை யாரும் நினைக்கவே இல்லை. எனக்குப் புத்தகம் படித்துப் பழக்கம் இல்லை, நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஏழாம் பாகத்தின் கடைசியில் மதகின் மேல் நின்றவள் இவள் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்பதும் தெரியும். எங்கள் அடுப்பங்கரையில், எனக்குக் கேட்காத குரலில் இருக்கிறாள்.

வெற்றிலையை விட்டுவிட்டேன். முதல் வாரம் தாடை சும்மாவே அசைந்துகொண்டிருந்தது. அவள் கவனித்துவிட்டாள்.

"இதுக்கு இன்னா வேண்டிகினீங்க?" என்றாள் கொஞ்சம் பயத்தோடு.

"எதுக்கும் இல்ல. சும்மா."

நம்பாமல் பார்த்தாள். நம்ப வைக்க என்னிடம் வழி இல்லை.

பன்னிரண்டாம் பாகம் வந்துவிட்டதாக நூலகத்து அம்மா சொல்லி அனுப்பினார். அட்டையைப் பார்க்கக்கூட இவள் போகவில்லை. நான் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் நான் வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டால் அவள் உதடு நின்றுவிடும். எந்த இடத்தில் நிற்கிறதோ, பாதி வார்த்தையில் நிற்கிறதோ. உடனே கையைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டீங்களா" என்று எழுந்து வருவாள். முன்னெல்லாம் இதற்குத்தானே ஆசைப்பட்டேன்.

இப்போது கம்பெனி பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன். டிரைவர் முதலில் தினமும் கேட்டார், இப்போது கேட்பதில்லை. அங்கிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம். மெதுவாக நடந்தால் இருபது.